20-ஆம் தேதி மாலையில் ஐந்து நிமிடம்: டீயா, மூச்சா, கோழித் தூக்கமா?

20-ஆம் தேதி, மாலை மூன்றரை மணி. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக் கணக்கைத் தாக்கல் செய்பவர்களுக்கு அன்றுதான் கடைசி. ஒன்பது பார்ட்டிகளின், அதாவது நாங்கள் கணக்குப் பார்க்கும் வியாபாரிகளின், கணக்கு இன்னும் மேசையில் கிடக்கிறது. ஒருவர் போன மாதத்துக் கொள்முதல் பில்களை இப்போதுதான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், பாதிப் படங்கள் தலைகீழ். இன்னொருவருக்கு ஓடிபி போய்விட்டது. அவரோ போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மூன்றாமவர் அழைக்கிறார்: “ஏனுங் மேடம், நம்முளுது முடிஞ்சுதுங்களா?” அவருடைய விற்பனைக் கணக்கே இன்னும் வரவில்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது என்று யோசிப்பதற்குள் அடுத்த அழைப்பு. நாள் தவறினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தால் அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பெரிய தொகையில்லை. ஆனால் அது யார் தலையில் விடியும் என்பது எங்களுக்குத் தெரியும்.

கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினான்கு வருடமாக இப்படி 20-ஆம் தேதிகளைப் பார்த்து வருகிறேன். அன்றைக்கு யாருக்கும் அரை நாள் லீவு கிடைக்காது, யோகா வகுப்பு கிடையாது, ஊட்டி கிடையாது. கிடைப்பது ஐந்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அந்த ஐந்து நிமிடத்தை எதில் போட்டால் பலன் அதிகம் என்பதைக் கொஞ்ச காலமாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். கணக்கு எழுதுகிற கை, சும்மா இருக்காது.

அளவுகோல் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தேன். ஓய்வின்போது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எண்ணவே இல்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், விற்றவர்கள் காட்டிய பில்களைத் திரட்டி 14-ஆம் தேதி வந்த 2பி பட்டியலையும் பார்ட்டியின் கொள்முதல் பதிவேட்டையும் பத்து வரி ஒத்துப் பார்ப்பேன். ஒரே வரியை இரண்டு முறை படித்தால் அந்த ஓய்வு வீண். தடங்கல் இல்லாமல் பத்து வரியும் ஓடினால் பாஸ். இந்தப் பரீட்சையில் நான் ரொம்ப நம்பியிருந்த சில ஆட்கள் கவிழ்ந்துவிட்டார்கள்.

முதலில் டீ. கோவையில் டீக்கடை என்று தனியாகத் தேட வேண்டியதில்லை, பேக்கரிதான் டீக்கடை. எங்கள் அலுவலகப் படியிறங்கி அறுபது எட்டு வைத்தால் ஒன்று இருக்கிறது. பாய்லர் பக்கத்தில் நின்று, கண்ணாடி டம்ளரை விளிம்பில் பிடித்துக்கொண்டு முதல் வாய் குடிக்கும்போது வருகிற ‘அப்பாடா’வுக்கு ஈடில்லை. ஆனால் அந்த ‘அப்பாடா’ தேயிலையால் வருவதல்ல. டீயில் இருக்கும் காஃபீன் தூண்டிவிடுகிற சரக்கு, அடக்குகிற சரக்கல்ல. அது ரத்தத்தில் உச்சத்துக்குப் போகவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். குடித்த மறு நொடி வரும் நிம்மதிக்கு அது காரணமாக இருக்கவே முடியாது.

அப்படியானால் எது காரணம்? இரண்டு மாதம் இதைப் பிரித்துப் பார்த்தேன். சில நாள் அதே பேக்கரி டீயை ஃபிளாஸ்க்கில் வரவழைத்து மேசையிலேயே குடித்தேன். சில நாள் நடந்து போய் நின்று குடித்தேன். டீ ஒன்று, மாஸ்டர் ஒருவர், சர்க்கரையும் அதே அளவு. மேசையில் குடித்த டீ பெரும்பாலும் பரீட்சையில் தோற்றது. பாதி குடித்து ஆறிப்போய் ஏடு கட்டி நின்ற நாட்களும் உண்டு. நின்று குடித்த டீ பெரும்பாலும் ஜெயித்தது. பிறகு ஒரு நாள் சில்லறை இல்லாமல் வெறுமனே போய் நின்றுவிட்டு வந்தேன். அதுவும் ஜெயித்தது! எழுந்தது, படியிறங்கியது, கண் தூரத்தில் போன பேருந்தைப் பார்த்தது, பக்கத்தில் நின்றவர் மழையைப் பற்றிப் பேசியது, எல்லாம் சேர்ந்து செய்த வேலைக்கு டீ பெயர் வாங்கிக்கொள்கிறது.

டீயின் செலவுப் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். பணத்தை விடுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் எட்டிலிருந்து பத்து கிராம். கடைசி நாளில் ஐந்து டீ ஓடும், ஆக 40 முதல் 50 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். டீயிலேயே கோட்டா காலி. இன்னொன்று, உடம்பில் ஏறிய காஃபீனில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஆறு மணி டீயில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். 20-ஆம் தேதி ராத்திரி தூக்கம் வராமல் பல வருடம் பார்ட்டிகளைத் திட்டியிருக்கிறேன். இதில் பாதிக் குற்றம் ஆறு மணி டீயுடையது. இப்போது நான்கு மணிக்கு மேல் பேக்கரி நடை உண்டு, டீ கிடையாது. காபித்தூள் சேர்க்காத சுக்குக் காபி கிடைத்தால் அது.

டீக்கு அடுத்தபடியாக எல்லோரும் கையில் எடுப்பது போன். இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஒரு அடி தூரத்துத் திரையிலிருந்து அரை அடி தூரத்துத் திரைக்குக் கண் மாறுகிறது. கழுத்து இன்னும் கொஞ்சம் குனிகிறது. ரீல்ஸ் நடுவிலேயே “மேடம் பில் அனுப்பிட்டேன் பாருங்க” என்று மேலிருந்து ஒரு பட்டை இறங்குகிறது. ஐந்து நிமிடம் என்று எடுத்தது இருபது நிமிடம் ஆகிறது, திரும்பி வரும்போது அந்தப் பதினைந்து நிமிடக் குற்ற உணர்வும் கூட வருகிறது. என் நோட்டில் போன் ஒரே ஒரு முறை பாஸானது, அது அம்மாவிடம் பேசிய நாள். இருக்கையை விட்டு எழுந்து, வராந்தாவில் நடந்தபடி, “மத்தியானம் என்ன கொழம்பும்மா?” என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு பாட்டு கேட்பதும் பரவாயில்லை. திரையைப் பார்க்காத வரைக்கும் போன் நல்லதுதான்.

மூச்சுக்கு வருகிறேன். இதைக் கடைசிவரை நம்பாமல் இருந்தவள் நான். “மூச்சை இழுத்து விடு” என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். பதினான்கு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றும். என்னை மாற்றியது ஒரு சின்னச் சோதனை. இடது மணிக்கட்டில் வலது கை விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கும். நீளமாக வெளியே விடும்போது தளரும். இளவயதினருக்கு இது நன்றாகவே தெரியும். உள்மூச்சு ஆக்ஸிலரேட்டர், வெளிமூச்சு பிரேக். பதற்றத்தில் நாம் பிரேக்கைத் தொடுவதே இல்லை.

முறைகள்தான் ஏராளம், அங்கேதான் குழப்பம். நான்கு எண்ணி இழுத்து, நான்கு நிறுத்தி, நான்கு விட்டு, நான்கு சும்மா இருப்பது ஒன்று. இதைச் சதுர மூச்சு என்கிறார்கள், அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையினர் பழகுவதாகப் பிரபலம். நான்கு இழுத்து, ஏழு நிறுத்தி, எட்டு விடுவது இன்னொன்று. ஆண்ட்ரூ வெயில் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பியது. நம் ஊரில் திருமூலர் சொன்ன கணக்கு இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும்: 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடுவது. அறுபத்து நாலு நிறுத்துவதெல்லாம் குருவிடம் உட்கார்ந்து வருடக்கணக்கில் பழகுகிறவர்களுக்கு. ஆபீஸ் நாற்காலியில் முயன்றால் ஆம்புலன்ஸ்தான் வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெளிமூச்சு உள்மூச்சைப்போல் இரண்டு பங்கு. வெயில் கணக்கிலும் நான்குக்கு எட்டு, அதே இரண்டு பங்கு.

அவசரத்தில் எண்ணிக்கை ஞாபகம் இருக்காது என்பவர்களுக்கு இன்னும் எளிது ஒன்று உண்டு. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அது நிறைந்ததும் அதன்மேலேயே இன்னொரு சிறு மூச்சை இழுத்துவிட்டு, வாயால் நீளமாக விடுவது. அவ்வளவுதான். அது வேறொன்றுமில்லை, பெருமூச்சு. நாமறியாமலே சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உடம்பே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறது. நுரையீரலில் சுருங்கிப்போன நுண்ணிய காற்றுப்பைகளை மறுபடி விரிக்க அதற்கு அந்த வழி. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு மாதம் தினம் ஐந்து நிமிடம் வெவ்வேறு மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் வெவ்வேறு குழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. மனநிலை அதிகமாக மேம்பட்டது இந்தப் பெருமூச்சுக் குழுவுக்குத்தான். என் அம்மாவோ, வீட்டில் பெருமூச்சு விட்டால் “விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி இது” என்று திட்டுவார். அவருக்கு இந்த ஆய்வை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் இதற்கு ஒரு குறையுண்டு. சத்தமாக மூன்று பெருமூச்சு விட்டால் ஆடிட்டர் படிப்புக்காகப் பயிற்சிக்கு வந்திருக்கும் பக்கத்து மேசை ஆர்ட்டிகிள் பையன் “அக்கா, என்னாச்சு?” என்று எழுந்து வந்துவிடுவான். பிறகு அவனுக்கு விளக்கம் சொல்ல இரண்டு நிமிடம். மூக்கை மாற்றி மாற்றிப் பிடிக்கும் நாடிசுத்தியும் அப்படித்தான். என்ன வாடை என்று நாலு பேர் சுற்றிப் பார்ப்பார்கள். ஆகவே ஆள் இருக்கிற இடத்தில் நான் செய்வது: நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மூக்காலேயே விடுவது. நிறுத்துவது கிடையாது. பத்து நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. திரையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம், போனில் பார்ட்டி திட்டும்போதும் செய்யலாம். யாருக்கும் தெரியாது. தலை கிறுகிறுத்தால் வேகமாகவோ ஆழமாகவோ இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தமோ ஆஸ்துமாவோ இருப்பவர்களும் மூச்சை நிறுத்தும் முறைகள் பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம்.

இந்த நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கைப் பற்றி ஒரு கிளைக்கதை. எங்கள் மூத்த கணக்கர் அண்ணன், ஓடிபி வராமல் போகிற ஒவ்வொரு முறையும் “மருதமலை முருகா…” என்று இழுத்துச் சொல்லுவார். ஒரு முறை சொன்னால் போதாது, ஏழெட்டு முறை. நாங்கள் சிரிப்போம். 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டி குழுவினரின் கட்டுரை ஒன்று வந்தது. லத்தீனில் ஜெபமாலை சொல்கிறவர்களையும் ‘ஓம் மணி பத்மே’ மந்திரம் சொல்கிறவர்களையும் அளந்து பார்த்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவில் வந்து நின்றதாம், இதயமும் ரத்த அழுத்தமும் அதனோடு சேர்ந்து சீரான தாளத்தில் ஓடினவாம். வெவ்வேறு கடவுள், ஒரே மூச்சு. அண்ணனுடைய முருகா எத்தனை நொடி என்று ரகசியமாக எண்ணிப் பார்த்தேன். இழுவையும் இடைவெளியும் சேர்த்துப் பத்து, பதினொன்று. அதற்குப் பிறகு சிரிப்பதில்லை. எண்ணிக்கை பிடிக்காதவர்களுக்கு, உதடு அசையாமல் ஒரு பெயரையோ ஒரு வரியையோ இழுத்துச் சொல்வதுதான் உகந்த மூச்சுப் பயிற்சி. நாத்திகர்கள் மரங்களின் பெயரைச் சொல்லட்டும், இழுத்துச் சொன்னால் போதும். வண்டியில் வீட்டுக்குப் போகும்போது நான் ஹெல்மெட்டுக்குள் ‘ம்ம்ம்’ என்று ரீங்கரித்துக்கொண்டு போவேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் நிறுத்திவிடுவது.

முகம் கழுவுவது எல்லோரும் செய்வது. ஆனால் சரியாகச் செய்தால் அதில் தனி விசை இருக்கிறது. நெற்றி, கண், மூக்குப் பகுதியில் நல்ல குளிர்ந்த நீர் பட்டு, அதோடு சில நொடி மூச்சும் நின்றால், முகத்து நரம்பு மூளைக்குத் தகவல் சொல்லி இதயத் துடிப்பு இறங்குகிறது. தண்ணீரில் மூழ்கும் பிராணிகளுக்கெல்லாம் இருக்கும் அனிச்சை, நமக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மற்ற எந்த வழியையும் விட இதுதான் வேகம், பதினைந்து முப்பது நொடியில் வித்தியாசம் தெரியும். கோபத்தில் கை நடுங்கும் நிலைமைக்கு இதைவிட நல்ல முதலுதவி நான் பார்க்கவில்லை.

நடைமுறைதான் சிக்கல். பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் குழாயில் வருவது மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியின் உப்புத் தண்ணி. அதில் முட்டை அவிக்கலாம். வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவினால் பிசுக்குப் போகும், அனிச்சை வேலை செய்யாது. அதனால் பிரிட்ஜ் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, கண்ணுக்கும் மூக்குக்கும் மேலாக அழுத்தி, குனிந்தபடி பத்து எண்ணுவேன். பொட்டு போகும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், மை வைத்திருந்தால் இந்த யோசனையே வேண்டாம். இதயக் கோளாறோ துடிப்புக் கோளாறோ உள்ளவர்களும் தவிர்த்துவிடலாம்.

தசையை இறுக்கித் தளர்த்துவது என்று ஒரு முறை. சிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் வகுத்தது. அவர் சொன்ன முழுப் பயிற்சிக்கு மாதக்கணக்கு வேண்டும். பின்னால் வந்தவர்கள் சுருக்கினார்கள். மேசைக்கடியில் செய்யும் அளவுக்கு நான் இன்னும் சுருக்கிவிட்டேன்: தோள்களைக் காதுவரை தூக்கி ஐந்து நொடி இறுக்கிப் பிடித்து, பொத்தென்று விடுவது, பிறகு பதினைந்து நொடி சும்மா. அப்புறம் கைமுட்டி, அப்புறம் கால்விரல். இதில் எனக்குக் கிடைத்த லாபம் ஆசுவாசத்தைவிட ஒரு கண்டுபிடிப்பு. காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன்! மாலையில் வரும் தலைவலிக்குக் கண்ணாடிக் கடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நாக்கு நுனியை மேல்பல் பின்னால் வைத்துக்கொண்டால் தாடையைத் தளர்வாக வைத்திருப்பது எளிது. கழுத்துப் பாரத்துக்கு இது நல்லது, மனம் பறக்கிற நேரத்துக்கு உதவாது.

கோழித் தூக்கத்துக்கு எங்கள் அலுவலகத்தில் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. நியாயம்தான். நாசா நீண்ட தூர விமானிகளை வைத்துச் செய்த சோதனையில், நாற்பது நிமிடம் படுக்க அனுமதித்தபோது சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், பிறகு விழிப்பும் வேலைத்திறனும் தூங்காதவர்களைவிட நன்றாக இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்கள் கண்ணுக்குள் போகாமல் வெளியிலேயே நிற்கிற மந்தத்துக்கு டீயும் மூச்சும் உதவுவதில்லை, தூக்கம்தான் மருந்து. ஆனால் நிபந்தனைகள் கடுமை. இருபது நிமிடத்துக்கு அலாரம் வைக்க வேண்டும். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிட்டு எழுந்தால், அரை மணி நேரம் தலையில் சிமென்ட் மூட்டை இருக்கும். ஒரு முறை ஐம்பது நிமிடம் தூங்கி எழுந்து, ஒரு பார்ட்டியின் விற்பனைத் தொகையை இன்னொரு பார்ட்டியின் பெயரில் ஏற்றிவிட்டேன். நல்லவேளை, தாக்கலுக்கு முன்னால் அண்ணன் பார்த்துவிட்டார். மூன்று மணிக்குப் பிறகு தூங்கினால் ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும். ஓர் உத்தி: படுக்கும் முன் ஒரு காபி குடித்துவிட்டுப் படுப்பது. காஃபீன் வேலையைத் தொடங்க நேரம் எடுக்கும் என்றேனே, நீங்கள் எழுந்திருக்கவும் அது வரவும் சரியாக இருக்கும். மேசையில் தலை கவிழ்ப்பதானால் கையை மடித்து அதன்மேல் வைக்காமல், துணிப்பையைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கை மரத்துப்போனால் பத்து நிமிடம் டைப் அடிக்க வராது.

நடை இருக்கிறதே, அதைப் பாதி டீக்கணக்கிலேயே எழுதிவிட்டேன். சேர்க்க வேண்டியது மரம். 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை; பித்தப்பை அறுவை முடிந்தவர்கள். ஜன்னலில் மரங்கள் தெரிந்த அறைக்காரர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறைக்காரர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அறுவை செய்தவருக்கே ஜன்னல் அவ்வளவு செய்யுமானால், ஓடிபிக்குக் காத்திருப்பவருக்குக் கொஞ்சமாவது செய்யாதா? எங்கள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து ஜன்னலில் ஒரு வேப்பமரம் தெரியும். பிரிண்ட் வரும் வரைக்கும் அதன் உச்சிக் கிளையைப் பார்ப்பது என் வழக்கம். திரையிலேயே ஊன்றியிருக்கும்போது கண்ணிமைப்பது குறைந்துவிடுகிறது, கண் உலர்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது கண் தசைக்கும் விடுமுறை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபதடி தூரத்தை இருபது நொடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை யாருக்கு ஞாபகம் வரும்? ஒரு பார்ட்டி முடிந்தால் ஒரு மரம் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசியாகப் புலம்பல். இதைச் சொன்னால் அலுவலகத்தில் எனக்கு எதிரிகள் உண்டாவார்கள், இருந்தாலும் நோட்டில் இருப்பதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டு அறையில் ஒரு பார்ட்டியை நாலு பேர் சேர்ந்து திட்டித் தீர்த்துவிட்டு வந்தால் மனசு லேசாகும் என்று நம்பியிருந்தேன். வரிகள் ஓடவில்லை. அந்த ஆள் தலைக்குள்ளேயே உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். 2024-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதையே சொன்னார்கள். கோபத்தைக் கொட்டுவது கோபத்தைக் குறைப்பதில்லை. மூச்சு, தியானம், தசைத் தளர்வு மாதிரி உடம்பின் கொதிப்பை இறக்கும் வழிகளே குறைக்கின்றன. வேகமாக ஓடுவதும்கூடக் கோபத்துக்குச் சரிப்படவில்லை என்பது அதில் எனக்கு ஆச்சரியம். கோபத்தில் படியைத் தடதடவென்று ஏறி இறங்கி வந்த நாட்களில் நானும் தோற்றிருக்கிறேன். புலம்பல் ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒருவரிடம், ஒரு முறை, தீர்வு கேட்டுப் புலம்பலாம். கூட்டுப் புலம்பல்தான் நெருப்புக்கு விசிறி.

இத்தனையும் பார்த்த பிறகு நான் எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்றால், முதலில் நோவு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். நெஞ்சு படபடத்து முகம் சூடாகியிருந்தால் உட்கார்ந்து யோசிக்கும் எந்த முறையும் வேலைக்காகாது. கொதிக்கிறவரைக் கண்ணை மூடித் தியானம் செய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சண்டையைத் தொடர்வார். அதற்கு ஈரக் கைக்குட்டை, அப்புறம் நான்குக்கு ஆறு மூச்சு, அப்புறம்தான் போனை எடுத்துப் பதில் சொல்வது. கழுத்தும் கண்ணும் கனத்தால் தோள் தூக்கலும் வேப்பமரமும். படிப்பது மண்டையில் ஏறாவிட்டால், மணி மூன்றுக்குள் என்றால் தூக்கம், மூன்று தாண்டினால் பேக்கரிவரை நடை. இருக்கையை விட்டு எழவே முடியாத கடைசி ஒரு மணி நேரத்தில் அண்ணனின் முருகாதான். ஒன்றே ஒன்றுதான் பழக முடியும் என்பவருக்கு வெளிமூச்சை நீட்டுவதைச் சொல்வேன், செலவில்லை, யாருக்கும் தெரியாது, எங்கேயும் செய்யலாம். ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது நடைதான், கேட்டால் மறைக்க மாட்டேன்.

இவையெல்லாம் ஒரு நாளின் இறுக்கத்துக்கு. 21-ஆம் தேதி வந்தும் இறங்காத இறுக்கம், வாரக்கணக்கில் தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை என்றால் அது வேறு கணக்கு. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நெஞ்சுவலியும் இடது கை குடைச்சலும் வந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

இன்று 18-ஆம் தேதி. பிரிட்ஜில் என் பெயர் எழுதிய ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன், மேசை இழுப்பறையில் இரண்டு கைக்குட்டை. பில் அனுப்பாத பார்ட்டிகள் ஆறு பேர். தூங்கிவிடுகிற அந்த ஒருவரிடம் மட்டும், “20-ஆம் தேதி மத்தியானம் போனைக் கையிலேயே வெச்சிருங்க” என்று இன்றே சொல்லியாயிற்று. “செரிங் மேடம், வெச்சுக்கறனுங்” என்றார். போன மாதமும் அப்படித்தான் சொன்னார்.